ஃபாதர் நடத்திய பாடமும் பூசணிக்காய் வேலைநிறுத்தமும்

1. மணி அடித்தது, ஒருவரும் வரவில்லை

ஒரு வியாழக்கிழமை காலை. சமையற்காரர் செபமாலை அண்ணன் சாப்பாட்டு மணியை அடித்தார். வழக்கமாக அந்த மணியோசை அடங்குவதற்குள் பையன்கள் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்துவிடுவார்கள். அன்று ஒரு செருப்புச் சத்தம்கூட இல்லை. இரண்டாம் முறை அடித்தார். மூன்றாம் முறை அடித்தபோது மணியிலேயே அவருடைய கோபம் தெரிந்தது.

மெஸ் என் பொறுப்பு. ஆங்கிலம் படிப்பிக்கத்தான் என்னை எடுத்தார்கள். பெண்கள் விடுதியும் மெஸ்ஸும் அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தவை. சிறிய கல்லூரியில் வேலைக்குச் சேருகிற பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. நியமனத்தில் ஒரு வேலை இருக்கும், வாசற்படி தாண்டியதும் இன்னும் இரண்டு வேலை காத்துக்கொண்டு நிற்கும்.

மேசையில் பாண் ரொட்டியும் பூசணிக்காய் ஜாமும் ஆறிக்கொண்டிருந்தன. நான் வெளியே வந்து பார்த்தேன். கல்லூரி முழுவதும் பலாமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. ஆளுக்கொரு புத்தகம் கையில். யாரும் பேசவில்லை, சிரிக்கவில்லை. அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

நஸீர் எழுந்து வந்தான். மாத்தளை டவுனில் மிளகு, கறுவா, சாதிக்காய் வியாபாரம் செய்யும் ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பையன். கூடவே தெரேசா. அவள் எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க," என்றாள் தெரேசா. "நாங்க ஸ்ட்ரைக் பண்றோம்."

"எதுக்கு?"

"பூசணிக்காய்க்கு எதிரா," என்றான் நஸீர், மிகவும் மரியாதையாக.

2. எங்கள் 'யூனிவர்சிட்டி'

அது இலங்கை சுதந்திரம் பெற்ற பின்னான முதல் சில வருடங்கள். மாத்தளை டவுனுக்கு மேலே, ஒரு வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப்போன பங்களாவையும் தேயிலை அரைத்த பழைய தொழிற்சாலையான ஸ்டோரையும் ஒரு கத்தோலிக்கத் துறவற சபை வாங்கி, அதில் கல்லூரி தொடங்கியிருந்தது. கொழுந்து வாட்டிய மேல் மாடியில் பையன்கள் படுத்தார்கள். கீழே இயந்திரம் ஓடிய இடத்தில் லத்தீனும் தர்க்கமும் நடந்தன. மழைக்காலத்தில் அந்தச் சுவர்களிலிருந்து இன்னும் தேயிலை வாசம் வரும். பிள்ளைகள் லண்டன் வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்தார்கள். மொத்தப் பேரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம். ஆனாலும் எங்கள் ரெக்டர் சவிரிமுத்து ஃபாதர், "எங்கட யூனிவர்சிட்டி" என்றுதான் சொல்வார். யாழ்ப்பாணத்துக்காரர். நெடிய உருவம். அவர் அப்படிச் சொன்னால் எதிரே இருப்பவருக்கும் அந்தப் பழைய ஸ்டோர் கொஞ்சம் பெரிதாகத் தெரியும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லையென்று பல வாசல்கள் மூடப்பட்டிருந்த காலம் அது. எந்த மதமானாலும் சரி, எந்த லயமானாலும் சரி, படிக்க விருப்பமிருந்தால் வா என்பது ரெக்டரின் கொள்கை. படித்தவன் நீதிக்கு நிற்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய கொள்கை. அதற்காகவே வெள்ளிக்கிழமைதோறும் 'சமூக நீதி' என்று ஒரு வகுப்பு வைத்தார். எல்லோருக்கும் கட்டாயம். வேலை செய்பவனின் மானம், நியாயமான கூலி, ஓய்வு, சங்கம் சேரும் உரிமை என்று திருச்சபை சொல்வதையெல்லாம் கைகளை ஆட்டி ஆட்டி நடத்துவார். அந்தப் பாடத்தில் எப்போதும் முதல் புள்ளி வாங்குகிறவன் நஸீர். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு அதில் கொஞ்சம் வெட்கம்.

கொள்கைக்குக் குறைவில்லை, மெஸ்ஸில்தான் குறை. கலேவெலயில் ஒரு பெரிய கமக்காரர், தன் மகளுக்கு நோய் சுகமானதற்கு நேர்த்திக்கடனாக, அறுவடைக்கு அறுவடை எங்களுக்கு லொறி நிறையப் பூசணிக்காய், தோட்டத்துப் பேச்சில் வட்டக்காய், அனுப்பினார். நல்ல மனிதர். அவருடைய மகள் இன்னும் நல்ல சுகத்தோடு இருந்தாள். எனவே பூசணிக்காயும் வந்துகொண்டே இருந்தது.

"கடவுள் தாறதை வேண்டாமெண்டு சொல்லலாமோ, மிஸ்?" என்பார் ரெக்டர்.

செபமாலை அண்ணன் முன்பு ஒரு பங்களாவில் துரைக்குச் சமைத்தவர். புட்டிங், ரோஸ்ட், கட்லட் எல்லாம் கைவந்த கலை. இங்கே வந்தபின் அத்தனையையும் பூசணிக்காயிலேயே செய்தார். பூசணிக் கட்லட், பூசணிப் புட்டிங், பூசணி சூப். பெரிய வெள்ளியன்று கஞ்சியிலும் ஒரு துண்டு மிதந்தது.

இதற்கிடையில் ஒரு கெட்ட செய்தி. கொழும்பிலிருக்கும் சபைத் தலைவர், நாங்கள் 'பெரிய ஃபாதர்' என்று சொல்பவர், வரும் ஞாயிறன்று வருகிறார். கல்லூரியை மூடிவிட்டு, கட்டடத்தைத் தியான இல்லமாக மாற்றுவது பற்றி முடிவு சொல்லத்தான் வருகிறார் என்று எங்களுக்குக் காற்றுவாக்கில் தெரிந்திருந்தது. மூடினால் எனக்கு வேறு பள்ளிக்கூடம் கிடைக்கும். தெரேசா போன்றவர்களுக்கு வேறு இடம் கிடையாது.

அந்த வாரம் பார்த்துத்தான் ஸ்ட்ரைக்.

3. நான்கு நிபந்தனைகள்

ரெக்டர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலாமரத்தடிக்கு வந்தார்.

"என்ன பிள்ளையள் இது? ஆர் உங்களுக்கு ஸ்ட்ரைக் செய்யச் சொல்லித் தந்தது?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நஸீர்தான் வாயைத் திறந்தான்.

"நீங்கதான் ஃபாதர்."

"நானோ?"

"வேலைநிறுத்தம் நியாயமா இருக்கணும்னா நாலு நிபந்தனை வேணும்னு போன மாசம் நடத்தினீங்களே. காரணம் நியாயமா இருக்கணும். மத்த வழியெல்லாம் முதல்ல பார்த்திருக்கணும். வன்முறை கூடாது. வர்ற நன்மை தீமையவிடப் பெருசா இருக்கணும். நாங்க மூணு தடவ மிஸ்கிட்ட சொல்லிப் பார்த்தோம். இப்ப அமைதியா உக்காந்து படிக்கிறோம். நாலாவதுதான் கொஞ்சம் சந்தேகமா இருந்திச்சு. ராத்திரி ஓட்டுக்கு விட்டு முடிவு பண்ணினோம்."

ரெக்டரின் முகத்தில் இரண்டு மனிதர்கள் சண்டை போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். ஒருவர் கல்லூரி அதிபர், கோபத்தில் சிவந்திருந்தார். மற்றவர் ஆசிரியர். தன் பாடத்தை ஒரு மாணவன் வரிசை மாறாமல் சொன்னதில் பூரித்துப்போயிருந்தார். கடைசியில், "ஒண்டு, ரெண்டு சரி. நாலாவதைப் பற்றி நீர் இன்னும் விளக்கமாச் சொல்ல வேணும்," என்றார். அங்கேயே பாயில் உட்கார்ந்துவிடுவாரோ என்று பயந்து நான் அவரைத் தனியே கூட்டிக்கொண்டு போனேன்.

"ஃபாதர், ஞாயிற்றுக்கிழமை பெரிய ஃபாதர் வாறார்."

அவருக்குச் சுயநினைவு வந்தது. "ஓம், ஓம். மிஸ், கறியை மாத்துங்கோ. கத்தரிக்காயோ கருவாடோ, என்னவாவது வாங்குங்கோ. இண்டைக்கே முடியுங்கோ."

அது எளிதாக முடிகிற காரியம் என்றுதான் நானும் நினைத்தேன்.

4. அகப்பையோடு ஒரு மனிதர்

குசினியில் செபமாலை அண்ணன் யாரும் தொடாத ஜாமைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் சாப்பாடு பிடிக்காமல் ஸ்ட்ரைக் பண்ணுகிறார்கள் என்றேன். இன்னும் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். பெரிய அகப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னால் ஓடினேன். வன்முறை கூடாது என்ற நிபந்தனை அன்றே உடைந்துவிடும் என்று நினைத்தேன்.

"யாருக்கு என் சமையல் பிடிக்கல? எந்திரிச்சு வந்து சொல்லு!" என்று மரத்தடியில் நின்று சத்தம் போட்டார். "தொரை எனக்குக் கைகொடுத்துப் பாராட்டியிருக்காரு, தெரியுமா? வட்டக்காயும் உப்பும் கொடுத்தா நான் என்ன, கோழியா பண்ணிப் போடுறது?"

"அண்ணே, உங்களச் சொல்லல," என்றாள் தெரேசா.

"பின்ன யாரச் சொன்ன? விடியமுன்ன எந்திரிக்கிறேன். நீங்கள்லாம் படுத்த பொறகு சட்டி கழுவுறேன். நாள் கிழமை உண்டா எனக்கு? ஞாயித்துக்கிழம நீங்க கோயில்ல உக்காந்து பாட்டுப் பாடுறீங்க. நான் அடுப்படில நின்னு அந்தப் பாட்டக் கேக்குறேன். இங்க வந்த நாள்லேருந்து ஒரு பூசை முழுசாக் கண்டதில்ல. வேதக்காரங்க கல்லூரியில பூசை காணாத வேதக்காரன் நான் ஒருத்தன்தான்! எல்கடுவயில பொண்டாட்டி இருக்கா. இந்தா இருக்குற எல்கடுவ. பெருநாளுக்குப் பெருநாள்தான் அவ மூஞ்சியப் பார்க்குறேன். இதுல ஜாமு பிடிக்கலையாம், ஜாமு!"

அகப்பையை ஓங்கியபடியே நின்றார்.

தெரேசா மெதுவாக எழுந்தாள். "அண்ணே, கொஞ்சம் உக்காருங்க," என்று தன் பாயைக் காட்டினாள். பிறகு பிள்ளைகள் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். கைகள் உயர்ந்தன. எல்லாக் கைகளும்.

நஸீர் என்னிடம் வந்தான். "மிஸ், எங்கட கோரிக்கைய மாத்திட்டோம். பூசணிக்காய நாங்க சாப்பிடுறோம். பரவாயில்ல. அண்ணனுக்கு ஞாயித்துக்கிழம லீவு வேணும். அது கெடைக்கிற வரைக்கும் ஸ்ட்ரைக்."

செபமாலை அண்ணன் பதறிப்போனார். "ஐயோ தம்பி, நான் லீவெல்லாம் கேக்கலியே! கோவத்துல சொன்னது!"

"நீங்க கேக்க வேணாம்ணே. சங்கம் கேக்கும்."

"என்ன சங்கம்?"

"இப்பத்தான் தொடங்கினோம். நீங்களும் அதுல மெம்பர்."

5. ரெக்டர் வானத்தைப் பார்த்தார்

புதிய கோரிக்கையை ரெக்டரிடம் கொண்டுபோனோம்.

"நியாயம்தான்," என்றார் அவர். "முற்று முழுதா நியாயம். அடுத்த ஞாயிறிலிருந்து குடுப்பம்."

"இந்த ஞாயிறு?" என்றாள் தெரேசா.

"பிள்ளை, இந்த ஞாயிறு பெரிய ஃபாதர் சாப்பிட வாறார். விளங்குதோ? அவர் ஆர் எண்டு தெரியுமோ? இந்த இடம் இருக்கிறதோ இல்லையோ எண்டு அவர்தான் முடிவெடுக்கிறது."

"ஃபாதர்," என்றான் நஸீர், "வசதியான நாள் வரட்டும்னு நீதியத் தள்ளிப்போட்டா அந்த நாள் வரவே வராதுன்னு ஒரு வகுப்புல..."

"தெரியும், தெரியும்! நான்தான் சொன்னனான்!"

ரெக்டர் வானத்தைப் பார்த்தார். அங்கிருந்தும் உதவி வரவில்லை. "அப்ப ஞாயிறு ஆர் சமைக்கிறது?"

"நாங்க," என்று நாற்பது தொண்டைகள் ஒன்றாகச் சொன்னதுபோல் இருந்தது. அந்தச் சொல்லில் இருந்த உற்சாகத்தைக் கேட்டபோது கல்லூரி நிச்சயமாக மூடப்படும் என்று எனக்குத் தோன்றியது.

6. ஞாயிற்றுக்கிழமைச் சமையல்

பூசைக்குச் செபமாலை அண்ணன் வெள்ளை வேட்டியும் கோட்டும் போட்டுக்கொண்டு வந்து முதல் வாங்கில் உட்கார்ந்தார். பூசை வைத்தவர் பெரிய ஃபாதர். ஒடிசலான, களைத்த முகமுள்ள மனிதர். பூசை முடிந்ததும் செபமாலை அண்ணன் யாரையும் திரும்பிப் பார்க்காமல் எல்கடுவ பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். திரும்பிப் பார்த்தால் குசினி கூப்பிட்டுவிடும் என்ற பயம்.

குசினிக்குத் தலைவன் நஸீர். மசாலா வியாபாரியின் மகன் என்பதே அவனுடைய தகுதி. வாப்பாவின் கடையிலிருந்து பை நிறையக் கறுவா, ஏலம், கராம்பு, சாதிக்காய் எல்லாம் கொண்டுவந்திருந்தான்.

"எவ்வளவு போடணும்?" என்றேன்.

"நல்ல சாமான் மிஸ். கூடப் போட்டாக் குத்தமில்ல," என்று சாதிக்காயைத் திருவிக்கொண்டே இருந்தான்.

சோறு தெரேசாவின் பொறுப்பு. வீட்டில் தினமும் ஆக்கியவள்தான். ஆனால் வீட்டுப் பானைக்கும் மெஸ் அண்டாவுக்கும் உள்ள தூரத்தை அவள் கணக்கில் எடுக்கவில்லை. அன்று ஒரே அண்டாவில் மூன்று விதச் சோறு விளைந்தது. அடியில் கரி, நடுவில் கஞ்சி, மேலே அரிசி. மீனைப் பொரிக்க மூன்று தர்க்க மாணவர்கள் நின்றார்கள். எப்போது திருப்புவது என்று அவர்கள் விவாதித்து முடிப்பதற்குள் மீன் தன் முடிவைத் தானே எடுத்துவிட்டது. உருப்படியாக வந்தவை இரண்டு பண்டங்கள். ஒன்று நஸீரின் கோழிக்கறி. பார்ப்பதற்குக் கறுப்பாக, வாசத்தில் கோவில் தூபம்போல இருந்தது. இன்னொன்று, யாரோ கடைசி நேரத்தில் பயந்துபோய் வெறும் உப்புப் போட்டு அவித்த பூசணிக்காய்.

பெரிய மேசையில் பெரிய ஃபாதர், ரெக்டர், நான். பெரிய ஃபாதர் சோற்றை எடுத்தார், மென்றார், கொஞ்சம் நிறுத்தினார். நடு அண்டாச் சோறாக இருக்கட்டும் என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். பிறகு கோழிக்கறியை எடுத்தார். புருவம் உயர்ந்தது. மறுபடியும் எடுத்தார். பசித்த மனிதர்போலும். ரெக்டரோ குற்றவுணர்வில் தலையைக் குனிந்தபடி கறியைக் கறியாகப் பாராமல் தவமாக நினைத்து அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். எனக்கு அந்த வாசத்திலேயே தலை சுற்றியது. நான் பூசணிக்காயோடு நிறுத்திக்கொண்டேன்.

"யாரு சமைச்சது?" என்றார் பெரிய ஃபாதர். பதுளைப் பக்கத்துக்காரர், எங்கள் மலையகப் பேச்சு.

நஸீர் எழுந்து நின்றான். "மாணவர்கள், ஃபாதர். இன்னைக்கு ஞாயித்துக்கிழம. சமையல்கார அண்ணனுக்கு லீவு."

"ஓ. எப்பயும் லீவா?"

"இன்னைக்குத்தான் முதல் தடவை. நாங்க ஸ்ட்ரைக் பண்ணி வாங்கினது."

ரெக்டரின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. பெரிய ஃபாதர் அவர் பக்கம் திரும்பினார். ஏதோ கேட்க வாயைத் திறந்தார். கேள்விக்குப் பதிலாக ஒரு பெரிய கொட்டாவி வந்தது.

சாதிக்காயை அளவுக்கு மிஞ்சிப் போட்டால் தூக்கம் வரும் என்பது மாத்தளையில் பிறந்த எவருக்கும் தெரியும். நஸீருக்கும் தெரியும். சமைக்கும்போது அது அவன் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

7. கூட்டம் நடக்கவில்லை

சாப்பாட்டுக்குப் பின் கூட்டம் என்று ஏற்பாடு. பெரிய ஃபாதர் பேசுவார், முடிவு சொல்வார். "ஒரு நிமிஷம் உக்காந்துட்டு வர்றேன்," என்று வராந்தாவில் துரை விட்டுப்போன சாய்மனைக் கதிரையில் சாய்ந்தார். அந்த ஒரு நிமிஷம் முடியவேயில்லை. பக்கத்துக் கதிரையில் ரெக்டர், கைகளைக் கோர்த்தபடி, ஜெபம் செய்வதுபோல் குறட்டை விட்டார். மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தேன். கூட்டத்துக்கு வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகள் வரிசையாகவே சாய்ந்திருந்தார்கள். வரவேற்புரை சொல்ல வேண்டிய பையன் மேடையிலேயே சுருண்டு கிடந்தான்.

கல்லூரி முழுவதிலும் விழித்திருந்தது நான் ஒருத்தி. ஒவ்வொருவர் அருகிலும் போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. அதன்பின் வாசலில் உட்கார்ந்து அழுவதா சிரிப்பதா என்று யோசித்தேன். சபையின் மிகப் பெரிய மனிதருக்கு மயக்க மருந்து கொடுத்த கல்லூரி என்று பெயர் வாங்கப் போகிறோம் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

வெயில் தாழ்ந்தபின் பெரிய ஃபாதர் கண் விழித்தார். நான் தேநீர் கொண்டுபோனேன். கொழும்புக்குத் திரும்ப அவர் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும். நேரம் நெருங்கிவிட்டது.

"ஃபாதர், மன்னிக்கணும். கறியில சாதிக்காய் கொஞ்சம் கூடிப்போச்சு..."

"அதான் பாத்தேன்." தேநீரை வாங்கிக்கொண்டார். "அந்த ஸ்ட்ரைக் கதைய முழுசாச் சொல்லுங்க மிஸ்."

சொன்னேன். பூசணிக்காய், நான்கு நிபந்தனைகள், அகப்பை, பூசை காணாத சமையற்காரர், புதிய சங்கம், எல்லாவற்றையும். நடுவில் ரெக்டர் விழித்துக்கொண்டார். ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. இமை துடித்ததை நான் பார்த்தேன்.

பெரிய ஃபாதர் சிரிக்கவில்லை.

"மிஸ், ஞாயித்துக்கிழம ஓய்வெடுங்கன்னு முப்பது வருசமாப் பிரசங்கம் வைக்கிறேன். இன்னைக்குத்தான் நான் எடுத்திருக்கேன். அதுவும் ஒரு முஸ்லிம் பையன் புண்ணியத்துல." தேநீரைக் குடித்து முடித்தார். "கொழும்புல எங்க வீட்டுச் சமையக்காரனுக்கு ஞாயித்துக்கிழம லீவு இருக்கான்னுகூட எனக்குத் தெரியல."

பிறகு ரெக்டரின் பக்கம் திரும்பி, "ஃபாதர், முழிச்சிருக்கீங்கன்னு தெரியும்," என்றார்.

ரெக்டர் கண்ணைத் திறந்து எழுந்து நின்றார்.

"மூடுறதப் பத்திப் பேசத்தான் வந்தேன். இப்ப பேச நேரமில்ல, ரயிலுக்குப் போகணும். அடுத்த வருசம் வந்து பேசுறேன்." ஸ்டேஷனுக்குப் போகும் காரில் ஏறியதும் கண்ணாடியை இறக்கி, "வரும்போது சாப்பிட்டுட்டு வர்றேன்," என்றார்.

8. பிறகு

அடுத்த வருடமும் வந்தார், அதற்கடுத்த வருடமும் வந்தார். மூடும் பேச்சை எடுக்கவில்லை. கொழும்புச் சபை வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் பாணும் வாழைப்பழமும்தான் சாப்பாடு என்றும், அங்குள்ள சாமிமார் எங்கள் கல்லூரியைச் சபிக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டோம். பல ஆண்டுகள் கழித்து வேறு காரணங்களால் கல்லூரி மூடப்பட்டது. அதற்குள் தெரேசா பட்டம் வாங்கி, தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போய்விட்டாள். நஸீர் வாப்பாவின் கடையை எடுத்துக்கொண்டான். கடையில் வேலை செய்பவர்கள் சங்கம் வைக்க வேண்டுமென்று முதலாளியே வற்புறுத்திய ஒரே கடை மாத்தளையில் அதுவாகத்தான் இருக்கும். அவர்களுக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான்.

செபமாலை அண்ணன் அந்தத் திங்கட்கிழமை விடியற்காலையில் திரும்பி வந்தார். அண்டாவின் அடியைப் பார்த்து மார்பில் கை வைத்தார். அதைச் சுரண்டி முடிக்க அவருக்கு அந்த வாரம் முழுவதும் பிடித்தது.

"வீட்டுல நல்லா ஓய்வெடுத்தீங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"எங்க மிஸ். போன ஒடனே அவ அகப்பையக் கையில குடுத்துட்டா. 'தொரைக்கு ஆக்கிப்போட்டீங்க, சாமிமாருக்கு ஆக்கிப்போட்டீங்க, எனக்கு எப்ப?'ன்னு கேட்டா. நாள் பூரா சமைச்சேன்." சுரண்டுவதை நிறுத்திவிட்டு, "அவ நல்லாச் சாப்பிட்டா மிஸ்," என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

இப்போது புதிதாக வேலைக்குச் சேருகிற ஆசிரியர்கள் என்னிடம் வந்து, பிள்ளைகள் நாங்கள் சொல்வதைக் காதிலேயே வாங்குவதில்லை என்று முறையிடுகிறார்கள். காதில் வாங்காத பிள்ளையால் ஆசிரியருக்கு ஒரு கெடுதியும் வராது என்று நான் சொல்வேன். காதில் வாங்கி, அதை உண்மையென்று நம்பி, மறுநாள் காலையில் பாயை விரித்துக்கொண்டு உட்காருகிற பிள்ளை ஒன்று எந்த வகுப்பிலும் இருக்கும். அந்தப் பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள். நாம் தர முடியாததை அதற்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். சொல்லிக்கொடுத்துவிட்டீர்களானால், அது கேட்கும்போது கொடுத்துவிடுங்கள்.